புள்ளி மறைந்த பிறகு

என் மனைவி கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டரம்மா சொன்ன அதே வாரத்தில், அவளுடைய தம்பி தன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கு பிராட்பேண்ட் வந்த புதுசு. அவன் குடியிருந்த கொருக்குப்பேட்டைப் பக்கம் இன்னும் வரவில்லை. வண்ணாரப்பேட்டையில் கம்ப்யூட்டர் பொருத்தித் தருகிற கடை ஒன்றில் அவனுக்குச் சாயங்கால வேலை. நானோ விடியற்காலையில் துறைமுகத்துக்குப் போய்விடுவேன். பகலில் அவளுக்குத் துணையாக யாராவது இருக்க வேண்டும். இரண்டு காரியமும் ஒன்றாக முடிந்தது. கட்டிலைக் கூடத்துக்கு மாற்றினோம். கட்டிலின் கால்மாட்டில் கம்ப்யூட்டர். சுவரில் அம்மன் படம். அதற்குக் கீழே, மதியம் வேலை முடிந்து வந்து நான் பாய் விரித்துப் படுக்கும் இடம்.

எங்களுக்குக் கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அதற்குமுன் இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. அதைப் பற்றி வீட்டில் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. இந்த முறை முதல் ஸ்கேன் எடுத்தபோது டாக்டரம்மா திரையை வெகுநேரம் பார்த்தார். பை தெரிகிறது, உள்ளே துடிப்பு இன்னும் தெரியவில்லை என்றார்.

"தெரியலன்னா இல்லன்னு அர்த்தமாம்மா?" என்று கேட்டேன்.

"அப்படி நான் சொல்லல. இருக்குன்னும் இப்ப சொல்ல மாட்டேன். நாள் கணக்கு கொஞ்சம் முன்னபின்ன இருக்கலாம். ரெண்டு வாரம் போகட்டும், திரும்பப் பார்ப்போம். அதுவரைக்கும் படுத்தே இருக்கட்டும்."

அந்த இரண்டு வாரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஐப்பசி மாசம், விட்டு விட்டு மழை. இன்றைக்கும் அந்த நாட்களை நினைத்தால் நடந்த மாதிரி இல்லை, கனவில் கண்ட மாதிரிதான் இருக்கிறது.

மச்சான் விளையாடியது போர் விமானம் ஓட்டுகிற ஆட்டம். உலகத்தின் ஏதேதோ மூலைகளில் இருப்பவர்கள் ஒரே நேரத்தில் உள்ளே வந்து, இரண்டு கட்சியாகப் பிரிந்து, ஒருவரையொருவர் தேடிச் சுடுவார்கள். சுடுகிற ஆட்டம் என்றுதான் பேர். முக்கால்வாசி நேரம் அதில் ஒன்றுமே நடக்காது. மேகம், கீழே கடல், எஞ்சின் இரைச்சல், அவ்வளவுதான். நான் பாயில் படுத்து அரைத் தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருப்பேன். வெளியே எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் உறுமும், உள்ளே விமானம் உறுமும். எது எதென்று பிரிக்க முடியாது. எங்கள் வீடே மெல்லத் தரையை விட்டுக் கிளம்பி மழை மேகத்துக்குள் போவதுபோல இருக்கும். கட்டிலில் அவள், கீழே நான், முன்னால் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு அவன்.

ஒருநாள் கண்ணைத் திறந்தபோது விமானத்தின் ரேடார் திரை முழுதாகத் தெரிந்தது. எனக்கு ரேடார் புதுசில்லை. நான் வேலை பார்த்தது கப்பல்களை இழுத்து வந்து கரை சேர்க்கிற டக் படகில். பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. எனக்குக் கயிறு போடுகிற வேலை. ஆனால் படகை ஓட்டுகிற சாரங்கு பக்கத்தில் நின்று, வருஷக்கணக்காக அந்தத் திரையைப் பார்த்து வந்தவன்.

"இன்னா மச்சான் இது, உன் ரேடார்ல எல்லாமே தெரியுது?"

"அதான் மாமா பேஜாரு" என்று நாற்காலியைத் திருப்பினான். "மலைக்குப் பின்னால கீறவனும் தெரியறான், தரையோட ஒட்டிகினு வர்றவனும் தெரியறான். எட்டற தூரத்துல கீறியா, புள்ளி வெச்சிடும். ஒளிஞ்சிகினு வர்றவனுக்கு மரியாதையே இல்ல. அதான் நாங்க நாலஞ்சு தோஸ்துங்க சேந்து மாத்திகினு கீறோம்."

தோஸ்துகள் என்றால் அவன் நேரில் பார்த்தே இராதவர்கள். ஒருத்தர் பனி கொட்டுகிற ஊரில் பஸ் ஓட்டுகிறவர் என்றான். ரேடார் எவ்வளவு தூரம் பார்க்கும், எந்தப் பக்கம் பார்க்கும் என்கிற கணக்கெல்லாம் ஆட்டத்தின் கோப்புகளில் எழுத்தாக இருக்குமாம். அவற்றை மாற்றி எழுதி, தங்களுக்கென்று வைத்திருந்த சர்வரில் ஓட்டிப் பார்ப்பார்களாம்.

"உங்க டக்ல எப்டி மாமா தெரியும்?"

சொன்னேன். ஒரு கோடு கடிகார முள் மாதிரி சுற்றிச் சுற்றி வரும். மிதவைகள், நங்கூரம் போட்ட கப்பல்கள் எல்லாம் ஒவ்வொரு சுற்றிலும் தவறாமல் வந்துவிடும். காசிமேட்டுக் கட்டுமரம் அப்படி இல்லை. அது வெறும் மரம், தண்ணீரோடு தண்ணீராகக் கிடக்கும். ஒரு சுற்றில் வரும், இரண்டு சுற்றில் வராது, மறுபடி வரும். நமக்குக் கிட்டத்தில் அலைகள் அரிசி இறைத்த மாதிரி திரையை அடைத்துக்கொள்ளும். அதைத் துடைக்க ஒரு திருகு உண்டு. ரொம்பத் திருகினால் அலையோடு கட்டுமரமும் சேர்ந்து துடைபட்டுப் போகும். அதில் ஒரு ஆள் இருப்பான். அதனால் சாரங்கு அந்தத் திருகில் எவரையும் கை வைக்க விடமாட்டார்.

"சூப்பர் மாமா. வேற?"

"அலையையும் போடு மச்சான். கடலுக்கு மேல ரேடார் வெச்சிட்டு அலை தெரியாம எப்டி?"

போட்டான். இரண்டு நாள் உட்கார்ந்து, நான் சொன்னபடியே திரையின் நடுவைச் சுற்றி அரிசி இறைத்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் தோஸ்துகள் எல்லோரும் உள்ளே வந்தார்கள். கடலுக்கு மேலே பறந்தார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. எதிரி எங்கே என்று எவருக்கும் தெரியவில்லை. அவர்கள் கட்சி விமானங்கள் இரண்டு ஒன்றோடொன்று மோதி விழுந்தன. பக்கத்தில் ஆங்கிலத்தில் வரிவரியாக ஓடிக்கொண்டிருந்ததை மச்சான் எங்களுக்குப் படித்துச் சொன்னான்.

"ஒருத்தன் கேக்கறான், நான் ஏரோப்ளேன்ல கீறனா, மீன்பிடி போட்டுல கீறனான்னு. இன்னொருத்தன், வலைய எங்க வெச்சீங்கன்றான்."

கட்டிலில் சிரிப்புச் சத்தம் கிளம்பியது. "யோவ், நல்லா வெச்சேய்யா அவனுக்கு ஆப்பு. ஆகாசத்துல டக்க ஓட்டிட்டியேய்யா!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டோம்.

"யக்கா, சிரிக்காதக்கா. ஆடாத."

"எழக் கூடாது, குந்தக் கூடாது, அழக் கூடாது. இப்ப சிரிக்கவும் கூடாதா? நான் இன்னா கண்ணாடிச் சாமானா?" என்றாள். ஆனாலும் அடக்கிக்கொண்டாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, தலையணையைக் கடித்துக்கொண்டு. கொஞ்ச நேரம் தோள் மட்டும் ஆடியது. அது சிரிப்பாகவே முடிந்ததா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

மறுநாள் மச்சான் எங்கெங்கோ படித்துவிட்டு வந்து எனக்குப் பாடம் எடுத்தான். விமான ரேடார் வேறு மாதிரியாம். கப்பலில் இருப்பதுபோல அது சுற்றிலும் பார்க்காது, மூக்குக்கு முன்னால் மட்டும் இடமும் வலமுமாகத் துழாவும்; ஒரு தடவை துழாவினால் அது ஒரு சுற்று. எது நம் பக்கம் வருகிறது, எது நம்மை விட்டுப் போகிறது என்பதை மட்டும் வேகத்தை வைத்துப் பிரித்தெடுக்கும். அலை நின்ற இடத்திலேயே குதிக்கிறது, அதனால் அதைத் தள்ளிவிடும்.

"அப்ப குறுக்கால போறவன்?" என்றேன்.

"அங்கதான் மாமா மேட்டரே. எங்க பேட்ட ரயில்வே கேட்டாண்ட நின்னு பாத்துகினு இருங்க. கூட்ஸ் வண்டி எதுர்ல வர்றப்போ கிட்ட வர்றது தெரியும். தாண்டிப் போறப்போ தூரம் போறது தெரியும். சரியா நமக்கு நேரா குறுக்கால ஓடற அந்த நேரம் கீது பாருங்க, அப்போ அது கிட்டயும் வர்ல, தூரமும் போவல. ரேடார் கணக்குல அது நின்னுகினு கீற மாதிரி. அலையோட சேத்து அதையும் தள்ளிடும். பறந்துகினேதான் கீறான், ஆனா திரையில கெடையாது."

இது என் மனசில் போய் உட்கார்ந்துகொண்டது. அவ்வளவு பெரிய விமானம், அவ்வளவு சத்தத்தோடு, கண்ணுக்கு நேரே குறுக்கே போய்க்கொண்டிருக்கும். பார்க்கிற கருவி அதை அலை என்று நினைத்து ஒதுக்கிவிடும். அன்று மதியம் தூங்கியபோது திரையில் இல்லாத விமானங்களாகக் கனவில் வந்தன. ஒன்றும் சுடவில்லை. எங்கள் கூடத்தின் மேலே, மின்விசிறிக்கும் மேலே, மெல்லக் குறுக்கே போய்க்கொண்டிருந்தன.

அரிசியை எடுத்துவிட்டான். குறுக்கே போகிறவனுக்கு ஒளிகிற வசதி செய்தான். அடுத்து, தூரத்தில் இருப்பவன் ஒவ்வொரு சுற்றிலும் தெரியாமல் விட்டு விட்டுத் தெரிகிற மாதிரி செய்ய வேண்டும் என்றான். "அது மட்டும் நீங்க சொன்னது கரெக்ட்டு மாமா. எவ்ளோ தடவ வரும், எவ்ளோ தடவ வராது?"

எண்ணிப் பார்த்ததில்லை என்றேன். மறுநாள் படகில் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் நல்ல மழை. உள்ளே வர வேண்டிய கப்பலுக்காகத் துறைமுக வாயிலுக்கு வெளியே காத்திருந்தோம். ரேடாரில் மழை பஞ்சுப் பொதி மாதிரி பரவியிருந்தது. வடக்குப் பக்கம் கட்டுமரம் ஒன்று தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். வந்தது. வரவில்லை. வரவில்லை. வந்தது. அப்புறம் ரொம்ப நேரம் வரவே இல்லை.

"இன்னாடா, ரேடாருக்கு சூடம் காட்டப் போறியா? அப்டிக் கும்புட்டுகினு நிக்கிறே?" என்றார் சாரங்கு.

"ஒரு மரம் வந்துகினு இருந்துதுண்ணே. காணல."

"எங்க போயிடும்? மழைல கீது. கயித்தப் போய்ப் பாரு."

மேல்தளத்துக்குப் போனேன். கண்ணுக்கு மழைத் திரையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. எண்ணுவதற்காக வந்தவன் எண்ணுவதை மறந்துபோனேன். கையில் நனைந்த கயிறு, வாயில் அம்மன் பேர். கப்பலின் சங்கு எங்கோ ஒலித்தது. அப்புறம் மழை கொஞ்சம் விலகியது. நான் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் இல்லை, அதற்கு ரொம்பத் தள்ளி, தலையில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு ஒரு ஆள் நின்றபடி துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தான். அவசரமே இல்லாமல். தன்னை எவரும் தேடினார்கள் என்பதே தெரியாமல்.

வீட்டுக்கு வந்து மச்சானிடம் எண்ணிக்கை சொல்ல முடியவில்லை. "வரும், வராது. ஆனா ஆளு அங்கதான் கீறான்" என்றேன். அவன் சிரித்துவிட்டு, தானாக ஏதோ ஒரு கணக்கு போட்டுக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். எப்போதும் இருவருமாகப் போவோம், அன்று நான் மட்டும். எங்கள் ஊர் ஈசன் வருஷம் முழுக்கக் கவசத்துக்குள் இருப்பவர். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள்தான் கவசம் திறப்பார்கள், ஊரே வரிசையில் நிற்கும். மற்ற நாளெல்லாம் மூடிய கவசத்தைப் பார்த்துத்தான் கும்பிடுகிறோம். கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம், அழுகிறோம், வேண்டிக்கொள்கிறோம். உள்ளே இருக்கிறாரா என்று குருக்களிடம் எவரும் கேட்டதில்லை. எனக்கும் அதுவரை அந்த நினைப்பே வந்ததில்லை. அன்று சந்நிதியில் நின்றபோது பெரிய வேண்டுதல் எதுவும் வாயில் வரவில்லை. "எனக்குத் தெரியலன்னா பரவால்ல சாமி. இருந்தா போதும்" என்று மட்டும் சொன்னேன். அம்மன் சந்நிதியில் குங்குமம் வாங்கி மடித்துக்கொண்டு வந்து, படுத்திருந்தவள் நெற்றியில் வைத்தேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை. என் கையை மட்டும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஸ்கேனுக்கு முந்தின நாள் மச்சானின் தோஸ்துகளுக்குள் ஒரு தகராறு. புள்ளி ஒரு சுற்றில் வராமல் போனால், ஆட்டம் அந்தக் கணமே அதை அழித்துக்கொண்டிருந்தது. அப்படி அழிக்கக் கூடாது, கடைசியாகப் பார்த்த இடத்தில் மங்கலாக வைத்துக்கொண்டு அடுத்த சுற்றுகளையும் பார்க்க வேண்டும் என்பதில் எல்லோருக்கும் சம்மதம். எவ்வளவு நேரம் என்பதில்தான் சண்டை. ரொம்ப வைத்தால் செத்துப்போனவனெல்லாம் திரையில் பேயாக நிற்பான் என்றது ஒரு கூட்டம். சீக்கிரம் அழித்தால் உயிரோடு இருப்பவனை விட்டுவிடுவோம் என்றது இன்னொன்று.

"நீங்க சொல்லுங்க மாமா" என்று, திரையைப் பார்த்தபடியே கேட்டான். "புள்ளி வர்ல. எத்தினி சுத்து பாத்துட்டு, ஆளு இல்லன்னு வுட்டுடலாம்?"

நான் கட்டிலைப் பார்த்தேன். கேட்ட பிறகுதான் அவனுக்கும் உறைத்திருக்க வேண்டும். விசைப்பலகையில் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. வெளியே ஓட்டிலிருந்து மழைத் தண்ணீர் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் வெய்டா" என்றாள் அவள், கட்டிலில் இருந்து. தூங்குகிறாள் என்று நினைத்திருந்தோம்.

"எவ்ளோக்கா?"

"எனக்கு இன்னா தெரியும்? சட்டுனு அழிக்காத. அவ்ளோதான்."

அவன் எதையோ தட்டினான். வெகுநேரம் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. அப்புறம் ஓட்டிக் காட்டினான். புள்ளிகள் பட்டென்று அணையாமல், சூடம் தணிகிற மாதிரி மெல்ல மெல்ல மங்கின. சில, முழுதாக மங்குவதற்குள் மறுபடி பளிச்சென்று வந்தன. சில வரவில்லை. மூவருமே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் ராயபுரத்து ஸ்கேன் சென்டருக்குப் போனோம். ஆட்டோக்காரரிடம் பள்ளம் பார்த்து ஓட்டச் சொன்னேன். "ஒண்ணும் கவலப்படாத நைனா, தண்ணி நெறஞ்ச சொம்ப எடுத்துகினு போற மாதிரி போறேன்" என்று அப்படியே ஓட்டினார். மச்சான் கடைக்கு மட்டம் போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தான். கூட வா என்றதற்கு வரமாட்டேன் என்றுவிட்டான்.

இருட்டு அறை. டாக்டரம்மா திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்திருந்தார். படுத்திருந்தவளுக்கு அது தெரியாது. அதனால் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முகத்தை அசைக்காமல் வைத்துக்கொள்ளப் பாடுபட்டேன். திரையில் எனக்குச் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக ஏதோ நகர்வது தவிர ஒன்றும் புரியவில்லை. டாக்டரம்மா ஒரு குமிழைத் திருகினார். பொடிகள் குறைந்தன. ரொம்பத் திருகாதீங்கம்மா என்று தொண்டை வரைக்கும் வந்தது. அவர் இடத்தை மாற்றினார். நிறுத்தினார். மறுபடி மாற்றினார். அந்த அறையில் எந்தச் சத்தமும் இல்லை. நான் ஒரு பெரிய வெள்ளை மேகத்துக்குள் நின்றுகொண்டிருந்தேன், காலுக்குக் கீழே தரை இல்லை.

"இதோ பாருங்க" என்றார் டாக்டரம்மா.

அவர் காட்டிய இடத்தில் முதலில் எதுவும் இல்லை. அப்புறம் இருந்தது. மற்றதெல்லாம் சும்மா கிடக்க, ஒரே ஒரு இடம் மட்டும் விட்டு விட்டு மினுக்கியது. கண்ணை எடுத்தால் போய்விடுமோ என்று எடுக்காமல் பார்த்தேன். போகவில்லை. அது பாட்டுக்கு, யாருக்காகவும் இல்லாமல், மினுக்கிக்கொண்டிருந்தது.

"யோவ், இன்னாய்யா? சொல்லு."

நான் திரையைக் கை காட்டினேன். டாக்டரம்மாதான் திரையை அவள் பக்கம் திருப்பினார். அவள் தலையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தாள்.

"இம்மாந்தூண்டா?"

"இப்ப இம்மாந்தூண்டுதான்" என்றார் டாக்டரம்மா, அவளைப் போலவே. "நல்லா துடிக்குது. ஆனா மூணு மாசம் தாண்டறவரைக்கும் ஜாக்கிரதையாத்தான் இருக்கணும். எழுந்து ஆடிடாத."

வெளியே வந்து, படிக்கட்டு ஓரத்து பெஞ்சில் அவளை உட்கார வைத்தேன். என் கைபேசியை வாங்கி அவளே வீட்டு நம்பரைப் போட்டாள். மணி ஒரு தடவை முழுதாக அடிப்பதற்குள் மச்சான் எடுத்துவிட்டான். ஹலோகூடச் சொல்லவில்லை.

"டேய், கீதுடா" என்றாள்.

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. எஞ்சின் இரைச்சல்கூட இல்லை. அவள் கைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி வைத்துக்கொண்டாள்.

"டேய். லைன்ல கீறியா, இன்னா?"

கொஞ்ச நேரம் கழித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவன் சொன்னது எனக்கும் கேட்டது.

"கீறேங்க்கா."